சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

ஜூலை 10, 2025, வியாழன்

பௌர்ணமி. தாயே கருமாரி. பால் நான்கு பாக்கெட், பூ எண்பது ரூபாய். ஆடி பிறக்கும் முன்பே பூக்காரியைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மதியம் ஷோபனா விடுதியிலிருந்து கூப்பிட்டாள். அவளுடைய எம்.ஏ. ஆய்வைப் பல்கலைக்கழகம் இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றிவிட்டதாம். விளையாட்டு விழா, விடுதி நாள், பழைய மாணவர் படங்கள், பிள்ளைகள் எழுதிய ஆய்வு எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லிங்க் அனுப்பினாள். "புழங்குபொருளும் எல்லையும்: மேனாம்பேட்டு வீடுகளில் ஒரு கள ஆய்வு."

நான் ஐந்தாவதோடு நின்றவள். பாராயணப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிக்கவே கற்றுக்கொண்டேன். என் மகள் பெயர் பல்கலைக்கழகத்தில்! உடனே விளக்கு பூஜை குரூப்பில் போட்டேன்: "அம்மன் அருள். என் மகள் ஆய்வு. அனைவரும் படிக்கவும்." புழங்குபொருள் என்றால் குத்துவிளக்கு, வெண்கலப் பானை என்றுதான் நினைத்தேன். நிதானமாக நாளைக்குப் படிக்கலாம்.

ஜூலை 11, வெள்ளி

பி பிளாக் சரசா வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டேன். "வேணாம்ப்பா, எந்த டம்ளர்ல எனக்குக் காபி குடுத்தீங்கன்னு அதையும் எழுதிடப் போறா உங்க பொண்ணு." சிரிப்பு வேறு.

போனை நீட்டினாள். படம் 7. எங்கள் பால்கனி. வாஷிங் மெஷினுக்கு மேலே ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்த டம்ளர். அதன் அடியில் சிவப்புப் பொட்டு. கீழே எழுதியிருந்தது: "வீட்டுப் பணியாளருக்கென ஒதுக்கப்பட்ட டம்ளர். வீட்டு உரிமையாளர் 4."

நான்தான் 4.

"பேரு போடலன்னா என்ன, உங்க ஜன்னல் கம்பி எங்களுக்குத் தெரியாதா?"

என் வீட்டை மட்டுமா எழுதினாள்? எங்கள் பூஜைக் கூட்டம் மொத்தமும் இருக்கிறது. என் முகத்துக்காக, பார்வதம் பெண்ணாயிற்றே என்று அவளை உள்ளே விட்டு, பஜ்ஜி போட்டுக் கொடுத்தவர்கள். சரசா வீடு உரிமையாளர் 9. அங்கே பிளாஸ்டிக் டம்ளராம்! சொல்லிவிட வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

போகும்போது சொன்னாள்: "ஆடி முதல் வெள்ளிக்குள்ள எடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா முதல் விளக்கை நான் ஏத்திக்கிறேன். எல்லாரும் பேசிட்டோம்."

இந்தக் குடியிருப்பில் பூஜையை ஆரம்பித்தவளே நான். அந்த முதல் விளக்கு என் கை விளக்கு. அதைக் கேட்க இவள் யார்?

ஜூலை 13, ஞாயிறு

ஷோபனாவோடு சண்டை.

"பொய்யா எழுதியிருக்கேனாம்மா? எது பொய், சொல்லு."

"அந்தப் பொட்டு வெச்சதே உன் நெயில் பாலிஷ்லதான்டி. ஆறாவது படிக்கிறப்ப நீதான் வெச்ச."

"அதுவும் எழுதியிருக்கேன். அடுத்த பக்கம்."

போனை வைத்துவிட்டேன். பெற்ற வயிறு எரிகிறது. இவரிடம் சொன்னால், ஞாயிறு ஓவர்டைமுக்கு ஆவடி ஃபேக்டரிக்குப் பையை மாட்டிக்கொண்டே, "எங்க கேன்டீன்ல எவன் குடிச்ச கிளாஸ்னு எவனுக்குத் தெரியும்?" என்கிறார். நான் கேட்டதற்கு இதுவா பதில்?

அடுத்த பக்கத்தைப் பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறாள்.

ஜூலை 14, திங்கள்

காப்பகத்துக்கே போன் போட்டேன். ஒரு பையன், குழைந்து குழைந்து பேசினான். ஆய்வை எடுக்க முடியாதாம். பேட்டி கொடுத்தவர் வேண்டாம் என்று சொன்னால் அவர் பகுதியையும் படத்தையும் மட்டும் எடுப்பார்களாம்.

"நான்தாம்ப்பா வீட்டுக்காரி."

"நீங்க பேட்டி கொடுத்தீங்களாம்மா?"

இல்லை. கொடுத்தது பஞ்சவர்ணம், எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள். என் பால்கனிப் படத்தை எடுக்க அவள் உத்தரவு வேண்டுமாம்! கலிகாலம்.

ஜூலை 15, செவ்வாய்

கேட்டேன். கேட்க வைத்துவிட்டாள் பெற்ற பெண்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடு பஞ்சவர்ணம். நானே போன் போட்டுத் தரேன்."

பாத்திரம் தேய்க்கிற கை நிற்கவில்லை. "நான் சொன்னதுதானம்மா அது. எதுக்கு வேணாங்கணும்?"

"உனக்கு நான் என்ன கொறை வெச்சேன்? தீபாவளிக்குப் புடவை, உன் பொண்ணு பிரசவத்துக்கு..."

"நீங்க கெட்டவங்கன்னு சொல்லலியே. டம்ளர் தனியா கீதுன்னு சொன்னேன். தனியாத்தானே கீது?"

"ஊரு பூரா உன் பேரு தெரியுது. வெக்கமா இல்ல?"

"பேர மாத்தவான்னு பாப்பா கேட்டுச்சும்மா. நான்தான் வேணாம், பஞ்சவர்ணம்னே போடுன்னேன். எம் பேரு இதுக்கு முன்னாடி எந்தப் புக்குல வந்துகீது? மருமவ போன்ல காட்டினா. ஊட்ல எல்லாம் பார்த்துச்சுங்க."

அவள் பஞ்சவர்ணம். நான் 4.

கட்டையில் வைத்த காபியைத் தொடவேயில்லை. ரெண்டு நாள் லீவு என்று சொல்லிப் போய்விட்டாள். காபி ஆடை கட்டிக் கிடந்தது. என்ன திமிர்!

ஜூலை 16, புதன்

ஷோபனா அலமாரியில் நெயில் பாலிஷ் ரிமூவர் இருந்தது. பொட்டைச் சுத்தமாகத் துடைத்து, டம்ளரை மற்றவற்றோடு ஸ்டாண்டில் கவிழ்த்தேன். இனி எவள் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும். எங்கே தனி டம்ளர்? காட்டு!

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. பாத்திரம் எல்லாம் நானே. இடுப்பு கழன்றுவிட்டது. ஒழிந்தாள் என்றுதான் இருந்தேன். ஆனாலும் லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

கீழே ஹாலில் சரசா முதல் விளக்கு ஏற்றினாள். மைக்கில் அவள் குரல். அதுவும் சுருதி சேராமல். நான் போகவில்லை. வீட்டிலேயே ஒற்றை விளக்கு ஏற்றினேன். தாயே, உனக்குத் தெரியும்.

பஞ்சவர்ணம் வந்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி தேய்த்தாள். காபி கலந்தேன். அவள் ஜன்னல் கட்டையைப் பார்த்தாள். வெறும் கட்டை.

"என் டம்ளர் எங்கம்மா?"

ஸ்டாண்டைக் காட்டினேன். ஒன்று ஒன்றாகத் திருப்பி அடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுல எதும்மா?"

நானும் பார்த்தேன். எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய எவர்சில்வர். நேற்று நானே தேய்த்துக் கவிழ்த்தபோதே கலந்துவிட்டது போலிருக்கிறது. தெரியவில்லை.

"எதையாவது எடு."

எடுத்தாள். சமையலறையில் நின்றே குடித்தாள். எது என்று கண்ணை எடுக்காமல் பார்த்து வைத்துக்கொண்டேன். குடித்து முடித்தவள் கழுவி, மற்றதோடு கவிழ்த்தாள். கீழே கற்பூர மணி அடித்தது, ஒரு நொடி திரும்பினேன். மறுபடி கலந்துவிட்டது.

காலையிலிருந்து விரதம். தொண்டை வறண்டு போயிருந்தது. ஸ்டாண்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

கைக்கு வந்ததை எடுத்தேன்.