பென்சில் புள்ளி வைத்த பெயர்கள்

வடபழனி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜமீலாவுக்கு,

கோமளம் எழுதுவது. நான் நலம். ஆம்பூரில் மகன் ஜைத் வீட்டில் நீயும் நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், போனை எடுத்தால்தானே தெரியும்? வாட்ஸ்அப்பில் பதினோரு செய்தி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. அதனால்தான் கடிதம். என் கையெழுத்து புரியாவிட்டால் மருந்துக் கடையில் கொடுத்துப் படிக்கச் சொல்.

முதலில் கடை வம்பு. இரண்டாம் மாடி ராம்குமார் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்தான், காதுக்கும் சேர்த்து. பில்லிங் லாவண்யாவுக்கு நிச்சயமாகிவிட்டது. ஆனால் முகூர்த்தப் புடவையை எதிர்க்கடையில் எடுத்தாளாம். நம் முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இனி, நம் வேலையைச் செய்ய வந்த அந்த ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர். கடையில் எல்லோரும் அதை 'பாட்' என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் வேலை செய்கிறது. நம்மிடம் கல்யாணப் புடவை எடுத்த குடும்பங்களுக்கு மண நாள் வாழ்த்து அனுப்ப, தேதியும் நம்பரும் தேடி நாம் கழுத்து பிடித்துப்போய் உட்கார்ந்திருப்போமே, அதை நான் காபி குடிப்பதற்குள் முடித்துவிடுகிறது. என்னைப் போல நம்பரை மாற்றிப் போடுவதில்லை, ஜாக்கெட் தைப்பவரைப் பற்றிப் புலம்புவதில்லை. என் தோள்பட்டை வலி போய்விட்டது. ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம்.

ஆனால் சொன்னதை மட்டும்தான் செய்யும். உன் நோட்டில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருப்பாய். கணவர் இறந்தவர்கள், பிரிந்து போனவர்கள். விசாரித்துத் தெரிந்துகொண்டு அவர்களை மட்டும் விட்டுவிடுவாய். பாட் அவர்களுக்கும் வாழ்த்து அனுப்பிவிட்டது. அடையாற்றிலிருந்து ஒரு தகப்பனார் வந்து, மகள் விவாகரத்து வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது என்று கடை நடுவில் நின்று கத்தினார். அண்ணாச்சி கும்பிட்டு அனுப்பி வைத்தார்.

மறுநாள் மயிலாப்பூரிலிருந்து ஜானு என்று ஓர் அம்மா வந்தார். நம் வயதுதான் இருக்கும். உன் நோட்டைப் பார்த்தேன், புள்ளி இருந்தது. நானும் கும்பிடத் தயாரானேன். அவர் போனைக் காட்டி, 'உங்கள் மண நாளை நாங்கள் மறக்கவில்லை' என்ற வரியை எழுதியது யார் என்று மெதுவாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அவர் போய் நாலு வருஷமாறது. நான் அழுதுடுவேனோன்னு ஆத்துல யாரும் இந்த நாளைப் பத்தி வாயே திறக்கறதில்லை. நீங்க ஒருத்தராவது நெனச்சுண்டேளே."

மெஷின் நினைத்தது என்று எப்படிச் சொல்வேன்? உன் முழுப்பெயரைச் சொல்லி, ஜமீலுன்னிசா எழுதினாள், லீவில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். பாதி உண்மைதானே, அந்த வரி என்றைக்கோ நீ எழுதிக் கொடுத்தது. வரும் சனிக்கிழமை பதினோரு மணிக்கு உன்னைப் பார்க்க வருகிறாராம்.

இனி எழுதப்போவதற்குத்தான் இவ்வளவு வம்பும். அந்த சாஃப்ட்வேரைச் செய்த தரமணி கம்பெனியிலிருந்து ஹரி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து நாம் செய்வதையெல்லாம் குறித்துக்கொண்டாரே. நீ தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், அந்தப் புள்ளிகள் என்ன என்று கேட்டார். பென்சில் கூர் பார்த்தது என்று சொன்னேன். மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி போதும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்த சமயம் அது. புள்ளியின் விஷயம் தெரிந்தால் உன்னைத்தான் வைத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும், ஜமீலா. தெரிந்துதான் சொன்னேன். என் வேலை தங்கியது, உன் வேலை போனது.

நேற்று இதை அண்ணாச்சியிடமும் சொல்லிவிட்டேன். உன் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு உன்னைக் கூப்பிடச் சொன்னார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலைக்கு வா என்று கேட்க எனக்கு வாயில்லை. அந்த அம்மாவுக்காக மட்டும் வா. என்னோடு பேச வேண்டாம். உங்கள் இருவருக்கும் டீ சொல்லிவிட்டு நான் மாடிக்குப் போய்விடுகிறேன்.

ஆண்டவன் உன்னையும் உன் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

இன்னும் உன் தோழிதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்,
கோமளம்