மரக்காலுக்குக் கட்டிய சாரன்

அன்புள்ள நயீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலிக்கு எண்ணெய் பூசுகிறாயா? அல்லாஹ்வின் உதவியால் தோஹாவில் நான் நல்ல சுகம்.

போன கிழமை பாலைவனத்தில் ஒரு கலியாண வீட்டாரைப் படம் எடுக்கப் போனோம். எல்லோரும் சிரித்து நிற்கும்போது என் மரக் கெமரா ஸ்டாண்டின் ஒரு கால், திருகாணி வழுக்கி, மெல்லத் தனக்குள்ளேயே இறங்கிவிட்டது. கெமராவைப் பிடித்துக்கொண்டேன். முழங்கையில் சின்னக் கீறல்தான்.

ஸ்டாண்டில் பிழை இல்லை. நம் ஊர் சாய்ந்தமருதுக் கடல்காற்றில் இறுகி நின்ற மரம், இந்த வறண்ட வெயிலில் சுருங்கித் திருகாணிக்குப் பிடி கொடுக்கவில்லை. கூட வேலை செய்யும் காத்தான்குடி ஸப்ரி, "காக்கா, இந்த விறகை இன்னுமா சுமக்கிறீங்க? அலுமினியத்தில ஒண்டு தாறன்" என்றான்.

"உன்ட அலுமினியம் காத்துக்கு நடுங்கும். இது நடுங்காது" என்றேன்.

முதலாளி சிரிக்கவில்லை. இன்னொரு தரம் இப்படி நடந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவாராம்.

அதனால் நீ நெய்து தந்த நீலச் சாரனைக் கிழித்து, நனைத்து, படுக்கப் போகுமுன் ஸ்டாண்டின் மூட்டுகளில் சுற்றிவிடுகிறேன். விடியும்போது மரம் ஊறி இறுகிவிடுகிறது.

யாரும் இங்கே வந்தால் அதே நீலத்தில் ஒரு சாரன் கொடுத்துவிடு. கடையில் வாங்காதே. முழங்கால் சுகமானதும் நீயே நெய், அவசரமில்லை. இது நான் உடுக்க.

மகனிடம் ஒன்றும் சொல்லாதே. அவனுடைய ஸ்டூடியோவில் ஆட்களுக்கு முன்னால், "அந்தக் கட்டையை வீசுங்க வாப்பா" என்று சொன்னதற்காகத்தானே இந்த வயதில் இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வேன் வந்துவிட்டது. வாப்பா எப்படி என்று அவன் கேட்டால், ஸ்டாண்ட் நன்றாக நிற்கிறது என்று மட்டும் சொல்.

உன்
அப்துல் கபூர்