வழுதக்காட்டு வீட்டில் யாரும் தும்மவில்லை

செண்பகத்தின் அப்பாவுக்கு,

உள்ளித் தீயல் சட்டியில் மூடி வைத்திருக்கிறேன். அப்பளம் டப்பாவில் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பழவங்காடிக் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போகிறேன். கோபித்துக்கொண்டு போனதாக நினைக்க வேண்டாம்.

"பிள்ளைக்க படிப்புல ஒனக்கு அக்கறையே இல்லியா?" என்று, வீடு மாற நான் தயங்கியதும் ராத்திரி கேட்டீர்கள். இருக்கிறது. வழுதக்காட்டில் வாடகைக்குப் பார்த்த வீட்டுக்குப் பக்கத்திலேயே கான்வென்ட் இருப்பதும், இங்கே நம் மிளகாய்க் கடை மாடியில் அவள் வற்றல் நெடியில் இருமிக்கொண்டே படிப்பதும் எனக்குத் தெரியாதா?

ஆனால் விடியும்போது ஒரு கனவு. அந்த வீட்டில் நிற்கிறேன். ஜன்னலெல்லாம் வெளிச்சம். தரையில் மாமர நிழல் தண்ணீர்போல அசைகிறது. யாருமே தும்மவில்லை. இங்கே மூட்டை இறங்கினால் கீழே நீங்கள் தும்முவீர்கள். கடையில்தான் இருக்கிறீர்கள் என்று நான் உலை வைப்பேன். அங்கே அறை அறையாகப் போய்க் காதுகொடுத்துக் கேட்டேன். வீடு சத்தமில்லாமல் மிதந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் ராகவன் பிள்ளை பதில் கேட்டு வருவார். காப்பி கொடுத்து, சரி என்று சொல்லிவிடுங்கள்.

ஆவுடை

மறந்துவிட்டேன்: பால் காய்ச்சும் அன்று உப்பு, மஞ்சளோடு ஒரு படி வற்றலும் எடுத்துவருவேன். தடுக்கக் கூடாது.

இன்னொன்று: அங்கே போனபிறகு, தினமும் கடை அடைத்து வந்ததும் வாசலில் நின்று ஒரு தும்மல் போடுங்கள். அபசகுனம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னால் சொல்லட்டும். கேட்டதும் நான் இலை போட்டுவிடுகிறேன்.