பச்சைக் கைலியில் வடிகட்டிய பெட்ரோல்

மரக்காணம்
8 ஏப்ரல் 2025

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் பாதியிலேயே கட் பண்ணிவிடுகிறீர்கள். காகிதத்தைக் கட் பண்ண முடியாதில்லையா, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் காதுக்கு வந்தது உண்மைதான். நீங்கள் விட்டுப்போன டர்ட் பைக்கை ஓட்டிப் பழகினேன். உப்பளத்து வரப்பில் நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இருமிவிட்டு அணைகிறது. வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன். உப்பு வாரிக்கொண்டிருந்த அருக்காணி, "இன்னாம்மா, நீ வண்டிய ஓட்றியா, வண்டி உன்ன ஓட்டுதா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். இடையஞ்சாவடி செம்மண் பைக் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டேன், என் சொந்தப் பேரையே.

உங்கள் சனோபர்

~

தம்மாம்
22 ஏப்ரல் 2025

என் சனோபருக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உனக்கு எவ்வளவு தைரியம்! நம்பர் பிளேட் இல்லாத வண்டி, பெட்ரோல் பங்க்குக்கு ஓட்டிப் போக முடியாது, கேனில்தான் பெட்ரோல் வாங்கணும், அதில் உப்புத்தூசி விழும் என்று தலையில் அடித்துக்கொண்டேனே. அனுமந்தை மாயவன் படகு இன்ஜினுக்குச் செய்வதுபோல என் பழைய கைலியை நாலாக மடித்து வடிகட்டச் சொன்னேன். செய்திருக்க மாட்டாய்.

அது ராசியில்லாத வண்டி. போன பந்தயத்தில் என்னையே நடுவழியில் கைவிட்டது. தமீம் அன்சாரியிடம் விற்றுவிடப் போகிறேன். வந்து கேட்பான், சாவியைக் கொடு. பேரையும் வாபஸ் வாங்கு. ஊர் சிரிக்கிறது. கோபப்படாதே கண்ணு.

உன் உமைர்

~

மரக்காணம்
11 மே 2025

அன்பு மச்சானுக்கு,

செய்தேன். ஒவ்வொரு தடவையும், நீங்கள் சொன்னபடியே, அதே பச்சைக் கைலியில். அதுதான் வினை!

டேங்கைக் கழற்றி பம்ப்பை வெளியே எடுத்தேன். பில்டர் முழுக்கப் பச்சை நூல், பச்சைப் பஞ்சு. மாயவன் அண்ணன் படகில் இருப்பது கார்ப்பரேட்டர். பஞ்சு உள்ளே போனால் கழற்றி ஊதிவிடுவார். நம்முடையது இன்ஜெக்‌ஷன், ஊசித்துளை வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சுவது, இத்தனூண்டு பஞ்சு சேர்ந்தாலே மூச்சு முட்டிப்போகிறது. பந்தயத்தில் உங்களைக் கைவிட்டது ராசியில்லை மச்சான், உங்கள் கைலி.

புது பில்டர் போட்டுவிட்டேன். பெட்ரோலுக்கென்றே புதுக் கேன், டேங்க் வாய்க்கு நைலான் வலை. மூடியைச் சுற்றித் துடைக்காமல் திறப்பதே இல்லை.

தமீம் அண்ணன் வந்தார். "சாவி குடும்மா, உமைர் சொல்லிட்டான்" என்றார். "அவரு சொல்லிட்டாரு, நான் சொல்லலியேண்ணா" என்றேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பேரை வாபஸ் வாங்க மாட்டேன்.

சனோபர்

~

மரக்காணம்
2 ஜூன் 2025

மச்சான்,

பதிலே காணோம். கோபமா? இருங்கள், நானும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஒரு துவா செய்கிறேன் என்றாவது நீங்கள் எழுதியிருக்கலாம். அது இல்லாமலே பந்தயத்துக்குப் போனது எனக்கு வலித்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டேதான் ஸ்டார்ட் பண்ணினேன்.

கடைசி ஆளாக வந்தேன். மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு தடவை விழுந்தேன், முழங்கை தேய்ந்துவிட்டது. ஆனால் வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. நீங்கள் பாதியில் விட்ட பாதையை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். தள்ளிக்கொண்டு வரவில்லை மச்சான், ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்ததுக்கும் பேர் கொடுத்திருக்கிறேன். லீவு கிடைத்தால் வந்து பாருங்கள். உங்கள் கைலியைப் பெட்ரோல் வாடை போகத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வந்தால் உடுத்திக்கொள்ளலாம். வண்டிப் பக்கம் மட்டும் அதைக் கொண்டுவராதீர்கள்.

சனோபர்