பிள்ளையைத் தூக்காமல் வந்தவள்

அன்பு மகள் அலனியெத்தாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சேமியும் பேரன் இலைசாவும் ஆண்டவர் நிழலில் சுகமாக இருக்கவேண்டும். இங்கே நம் தீவில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் சேப்பங்கிழங்குத் தோட்டத்துக்குப் போகாமல் இருக்கமாட்டேன் என்கிறார், சொன்னால் என்மேல் பாய்கிறார். போன வாரக் காற்றில் நம் சமையல் கொட்டகைத் தகரம் பறந்து பாதிரியார் வீட்டு முற்றத்தில் போய் விழுந்தது, அதற்கும் நான்தான் காரணம் என்பதுபோல் முறைத்தார். லீவுக்கு வந்திருந்த நம் ஊர்ப் பெண் கெலெரா நீ இருக்கும் பிரிஸ்பேனுக்கே திரும்புகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ எப்படி இருக்கிறாய் என்று நான் வாயெடுத்ததுமே "இங்க பாரு உன் பேரன" என்று அதைப் பிள்ளை பக்கம் திருப்பிவிடுகிறாய். அவன் காதுமடல் மடிந்திருப்பது வரைக்கும் பார்த்துவிட்டேன். பெற்ற மகளின் முகத்தைத்தான் இன்னும் நிறுத்திப் பார்க்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள். உன் ருதி சித்தியின் மகள் மிலிகா இறந்துவிட்டாள். பிள்ளை பெற்ற இரண்டாவது வாரம். பச்சை உடம்புக்காரியிடம் இதைச் சொல்லாதே என்று அப்பா தடுத்துவிட்டார். அதனால்தான் நீ மிலிகா போனை எடுக்கவில்லையே என்று கேட்டபோதெல்லாம் தூங்கியிருப்பாள் என்று சொன்னோம். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். ஒரே பாயில் படுத்து ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். அங்கே உங்கள் சர்ச்சுப் பெண்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டதாம், அவர்கள் யாராவது துக்கம் விசாரிக்க வந்து நீ முழிப்பதைவிட என் கையெழுத்தில் தெரிவது மேல் என்று தோன்றியது.

நான் முதல் பிரசவக்காரிகளுக்குத் துணையாகப் போகிற வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும், அதைப்பற்றி முழுதாகச் சொன்னதில்லை. அது ஒரு ஆராய்ச்சி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ப் பழகி, வலி எடுத்தால் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து, பெற்றபிறகும் வாராவாரம் போய்ப் பார்த்தால் தாய்க்கு நல்லதா என்று கண்டுபிடிக்கவேண்டுமாம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த நர்ஸ் தோரிக்கா ஒரு சட்டம் போட்டாள். வீட்டுக்குள் போனதும் பிள்ளையைத் தூக்கக்கூடாது. முதலில் தாய் பக்கத்தில் உட்கார், அவள் கையைப் பிடி, சூடு இருக்கிறதா பார், தூங்கினாளா, உதிரம் எப்படிப் போகிறது, அழுகை வருகிறதா என்று கேள், பிள்ளை அப்புறம். நம் ஊரில் இது நடக்கிற காரியமா? பிள்ளையைத் தூக்காமல் உட்கார்ந்தால் அந்த வீட்டையே அவமானப்படுத்தியதுபோல் அல்லவா. "மெரேயா போலீசுல சேந்துட்டாளா, பிள்ளையத் தொடாம தாயிகிட்ட வாக்குமூலம் வாங்குறா" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சட்டப்படி செய்தேன். பிள்ளை பெற்ற நாளிலிருந்து யாரும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சில பெண்கள் என் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறார்கள்.

எந்தக் கிராமத்துக்குத் துணைக்காரிகள் போவது, எதற்குப் போகாமல் இருப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியுமாம். ஆற்றுக்கு இந்தக் கரைக்குச் சீட்டு விழுந்தது, அக்கரைக்கு விழவில்லை. அக்கரைக்காரர்களுக்கும் நர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, எதையும் யாரும் மறுக்கவில்லை. வீட்டுக்குப் போய் உட்காரும் எங்களைப் போன்றவர்கள்தான் இல்லை. மிலிகா வாழ்க்கைப்பட்டது அக்கரையில்.

பிள்ளை தூக்கும் சடங்கு அவள் புகுந்த வீட்டில் பெரிதாக நடந்தது. உறவெல்லாம் பாயும் துணியும் கொண்டுவந்து பந்தி பந்தியாக உட்கார்ந்து பிள்ளையைக் கைக்குக் கை மாற்றிக் கொஞ்சியிருக்கிறார்கள். மிலிகா மூலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்திருக்கிறாள். "குளிருதும்மா" என்று ருதியிடம் சொன்னாளாம். அவள் மாமியார், "பால் ஊறுது, அப்படித்தான் இருக்கும், எனக்கு இல்லாத குளிரா" என்று இன்னொரு போர்வையைப் போட்டாளாம். அந்தப் புழுக்கத்தில், அலனியெத்தா, விசிறி இல்லாமல் யாரும் உட்காரமுடியாத நாளில். கர்ப்பப்பையில் சீழ் பிடித்து ரத்தமெல்லாம் விஷமாகியிருந்தது. மறுநாள் நினைவு தப்பியபிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர்கள் செய்யாதது இல்லை, உடம்பு கேட்கவில்லை. சடங்கு நடந்த அன்று நான் இந்தக் கரையில் யாரோ பெற்ற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல் இல்லை, நிம்மதியாக இரு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடக்கத்தன்று ருதி என் உடையைப் பற்றிக்கொண்டு, "அத்தனை பேரு பிள்ளையத் தூக்குனாங்க அக்கா, எம்பொண்ணு கையத் தொட்டவங்க ஒருத்தருமில்ல, நானுந்தான் தொடல, சீட்டு எங்க பக்கம் விழுந்திருக்கக் கூடாதா" என்று கதறினாள்.

தோரிக்கா துக்கத்துக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நல்லவள், அவளும் அழுதாள். மிலிகாவும் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தவள், அக்கரைக் கணக்கில் அவள் வருவாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அப்படியென்றால் நாங்கள் போவது நல்லது என்று காட்ட எங்கள் மிலிகாவும் ஒரு சாட்சியா என்று கேட்டேன். நான் போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று அடித்துச் சொல்லமுடியாது, அது எனக்கும் தெரியும். வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை கால் தானாகவே ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. பிள்ளை அழுதது, நான் தாய் பக்கம் உட்கார்ந்தேன்.

மிலிகாவின் குழந்தை ருதியிடம் வளர்கிறது, டின் பால்தான். அம்மா பெயரையே வைத்துவிட்டார்கள்.

நீ பாக்கெட் நூடுல்ஸைத் தின்று காலம் தள்ளாதே, தேங்காய்ப்பால் ஊற்றி மீன் ரசம் வை, முடியாவிட்டால் சேமியை வைக்கச் சொல், ஆண்பிள்ளை கை பட்டால் மீன் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. உடம்பு சுட்டால், குளிர் எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே. மனது பாரமாக இருந்தாலும் அப்படித்தான். எனக்கு விசா வரும் வரைக்கும் என் ஜெபம் உன் தலைமேல் இருக்கட்டும். ஆண்டவர் உன்னை நோயில்லாமல் வைக்கட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. கெலெரா இதைக் கொடுக்க வரும்போது இலைசாவைத் தூக்கியிருக்கமாட்டாள், தொட்டில் பக்கம்கூடப் போகாமல் நேரே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாள், இவளுக்கு என்ன திமிர் என்று நினைத்திருப்பாய். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் அப்படிச் சொல்லி அனுப்பினேன். என்னிடம் சொல்லமுடியாததை அவளிடம் சொல். இப்போது உன் கையைப் பிடித்திருப்பாள், இழுத்துக்கொள்ளாதே அம்மா.

இப்படிக்கு,
இலைசாவுக்குப் பாட்டியாகும் முன்பே உனக்கு அம்மாவான
மெரேயா