ஏழு ஊர்களில் சொன்ன கதை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நேற்றைய நற்செய்திக் கூட்டத்துக்கு நீ வந்திருந்ததாக மைக்செட்காரர் இன்று காலை சொன்னார். "கடைசி வரிசையில உக்காந்திருந்தாங்க ஐயா. நீங்க மேடை ஏறினதும் கிளம்பிட்டாங்க."

நீ வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த கதையை மறுபடியும் சொல்வேன் என்று பயந்திருப்பாய். ஏழு ஊர்களில் உன்னைக் கேட்காமலே சொன்னேன், தப்புதான். நேற்று சொல்லவில்லை. பிரசங்கக் குறிப்பில் அது இருந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி அது உன்னுடையது.

பிரசங்கம் கால் மணி நேரம் முன்னதாகவே முடிந்தது. "இன்னைக்குத்தாங்க ஒருத்தரும் கொட்டாவி விடல" என்றாள் உன் அம்மா.

கடைசிக் கூட்டம் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு. நீ முழுக்க இருந்து கேட்பாயா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

அப்பா