ஏறுவதற்கு மட்டும் பழகினேன்

மார்ச் 3, செவ்வாய்

மலையேற்றக் குழுவின் தலைவர் காலையில் தொலைபேசியில் பேசினார். எல்லோரும் அவரைக் கேப்டன் என்கிறார்கள். ராணுவத்துப் பக்கம்கூடப் போனதில்லையாம்.

"நேரா அந்தப் பெரிய மலைக்குக் கூட்டிட்டுப் போக முடியாதும்மா. முதல்ல சின்ன மலை ஒண்ணு இருக்கு. காலையில ஏறி சாயங்காலம் இறங்கிடலாம். அதை நல்லபடியா முடிங்க, அடுத்த மாசம் பாக்கலாம். உங்க வயசுக்கு..."

என் வயதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. குரலிலேயே தெரிகிறது போலும்.

ஏன் அந்த மலைதான் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகனின் உடலை அங்கிருந்து தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர்.

மார்ச் 5, வியாழன்

மலைக்குப் போடும் காலணி வாங்கினேன். கடைப்பெண், "பேரனுக்காம்மா? சைஸ் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்கு என்றேன். அதற்குப் பிறகு மரியாதை கூடிவிட்டது. முட்டி போட்டு உட்கார்ந்து அவளே கயிற்றைக் கட்டிவிட்டாள். முடிச்சு சரியில்லை. அவிழ்த்து நானே கட்டிக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

தினமும் காலையில் கீழ்த்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை படியேறுகிறேன். வரும்போது லிஃப்ட்.

கீழ் வீட்டுக்காரி இன்று வழிமறித்தாள். "என்னக்கா, தினமும் மேல போறீங்க, கீழ வர்றதையே காணோம். மாடியில யாரை ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

சிரித்து வைத்தேன். ஏறுவதுதான் பயிற்சி. இறங்குவது ஒரு வேலையா? மூச்சு வாங்காது, உடம்பு தானாக வந்துவிடும். அதோடு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்து நான் இறங்குவதை இவள் பார்த்து ஊரெல்லாம் சொல்ல வேண்டாம்.

மார்ச் 12, வியாழன்

எதற்குப் போகிறேன் என்பதை எழுதி வைத்துவிடுகிறேன். மனதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் தூக்கம் வருவதில்லை.

அன்று அவனோடு மலையில் இருந்த என் மருமகள் போலீஸிடம் சொன்னது, என்னிடம் சொன்னது, எல்லாம் ஒன்றுதான். ஒரு சொல்கூட மாறவில்லை. "இறங்கி வந்துட்டு இருந்தோம். அவர் முன்னால, நான் பின்னால. கல்லு புரண்டுடுச்சு. என்னால எட்டிப் பிடிக்க முடியல."

அவன் கல்லூரி நாளிலிருந்து மலை ஏறியவன். அவளுக்கு மலையில் நடக்கக் கற்றுத் தந்ததே அவன்தான். பின்னால் வருகிறவளுக்கு முன்னால் போகிறவன் முதுகு தெரியுமே, ஒரு கை நீட்ட முடியாதா? வழி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அவனை முன்னால் அனுப்பினாளா?

அந்த இடத்தில் நானே போய் நிற்க வேண்டும். அவன் நின்ற இடம், அவள் நின்ற இடம். கை எட்டுமா, எட்டாதா. நின்று பார்த்தால் தெரிந்துவிடும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

மார்ச் 16

முழங்கால் வலி. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

மருமகள் வந்தாள். கையில் ஒரு ஊன்றுகோல், மடக்கி நீட்டுகிற மாதிரி.

"ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன் அத்தை. கேப்டன் சொன்னார்."

"உன்னை யாரும் கூப்பிடலையே."

"தெரியும்." ஊன்றுகோலை நீட்டினாள். "இறங்கும்போது இது இருந்தா நல்லது."

"நான் இன்னும் கோல் ஊன்ற ஆரம்பிக்கலை."

அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் மலைப் பக்கம் போகவில்லை என்று கேள்வி. இப்போது எதற்கு வருகிறாளாம்? நான் பெரிய மலைக்குப் போய்விடுவேன் என்ற பயமா?

மார்ச் 21, சனி

பை தயார். தண்ணீர், ரொட்டி, மாற்றுக் காலுறை, மருந்து, மடித்த கைக்குட்டை இரண்டு. நான் படித்த பள்ளி விடுதியில் சிஸ்டர் எங்கள் பெட்டிகளைத் திறந்து பார்த்து, மடிப்பு கலைந்திருந்தால் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிடுவார். என் பெட்டி ஒருநாளும் கொட்டப்பட்டதில்லை.

மார்ச் 22, ஞாயிறு

இன்று எழுத முடியாது.

மார்ச் 23, திங்கள்

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இளைஞர்கள் இரண்டு பேரை முந்திக்கொண்டு போனேன். "மெதுவாம்மா, மலை எங்கயும் ஓடிடாது," என்றார் கேப்டன். எனக்குப் பெருமையாகவே இருந்தது. உச்சியில் எல்லோருக்கும் முன்னால் ரொட்டியைப் பிரித்தேன். மருமகள் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

இறங்கத் தொடங்கியதும் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பொடிக்கல் பாதை. ஒவ்வொரு அடிக்கும் முட்டி வெடவெடவென்று நடுங்கியது. ஒரு திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பேர் பார்க்க, மண்ணில்.

"உக்காராதீங்க அத்தை, கால் இறுகிடும்." அவள்தான். என்னைத் தாண்டிக் கீழே போய் எனக்கு முதுகு காட்டி நின்றாள். "எந்திரிங்க. ரெண்டு கையையும் என் தோள்ல வைங்க. நான் முன்னால போறேன்."

"நீ பின்னால வந்து பிடிச்சுக்கோ. போதும்."

"பின்னாலேர்ந்து யாரையும் பிடிக்க முடியாது அத்தை. நீங்க சறுக்கினா நானும் சேர்ந்து வர வேண்டியதுதான். இறங்கும்போது பலமா இருக்கிறவங்கதான் முன்னால போகணும். பின்னால வர்றவங்க விழுந்தா தாங்குறதுக்கு." காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, "அவர் சொல்லித் தந்தது," என்றாள்.

அடிவாரம் வரை அப்படியே இறங்கினோம். என் பாரம் முழுக்க அவள்மேல். தோள் எலும்பு என் உள்ளங்கையில் அழுந்தியது. இரண்டு தடவை அவளுக்குக் கால் வழுக்கியது. என்னை விழ விடவில்லை.

அப்படியென்றால் அவன் முன்னால் போனது—

மார்ச் 26, வியாழன்

முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூட்டில் தேய்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லையாம்.

"இத்தனை நாள் எப்படிம்மா ஏறினீங்க?"

"ஏறுறதுல ஒரு கஷ்டமும் இல்லை டாக்டர்."

"ஏறுங்க, வேண்டாங்கல. இறங்கத்தான் கூடாது. மேலயே இருந்துடுவீங்களா?"

அவருக்கு அது வேடிக்கை. இனி படிக்கட்டுகூட ஆகாது.

மார்ச் 28, சனி

பெரிய மலைக்கு வரவில்லை என்று கேப்டனிடம் சொல்லிவிட்டேன். "அந்த இடத்தை வேணும்னா போட்டோ எடுத்துட்டு வரட்டுமாம்மா?" என்றார். வேண்டாம். போட்டோவில் தூரம் தெரியாது.

ஆக, நான் பார்க்கப்போவதில்லை. அவள் சொன்னதை நம்பலாம், அல்லது நம்பாமலேயே செத்துப்போகலாம். மூன்றாவதாக ஒன்று இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மருமகள் முழங்காலுக்குக் கட்டு மாற்ற வந்தாள். குனிந்து துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. அதனால்தான் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

"கடைசியா உன்கிட்ட என்ன சொன்னான்?"

எவ்வளவு தூரம், எந்தக் கல், நீ ஏன் கத்தவில்லை என்று இரண்டு வருடமாக அவளிடம் எதையெல்லாமோ கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

அவள் கை நின்றது.

"'நில்லு. இந்தக் கல்லு ஆடுது, நீ மிதிக்காதே'ன்னார். நான் நின்னுட்டேன் அத்தை."

பிறகு கட்டைச் சுற்றி முடித்து, நுனியைச் செருகினாள்.

நீ நின்றது நல்லது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவன் இல்லாத வீட்டில் அதை எப்படிச் சொல்வது? சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். தட்டு எடுத்து வைத்தாள். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம்.